அம்மாவின் மெடிகேர் திட்டம் டிசம்பர் 31ஓடு நிற்கிறதாம், அப்பாவுக்குப் பிரீமியம் ஏறுகிறது, டிசம்பர் 7க்குள் என்ன செய்வது?

எடிசன் மகள்
நவம்பர் 17, 2025

வணக்கம். நாங்கள் நியூஜெர்ஸி எடிசனில் இருக்கிறோம். 65 தாண்டியவர்களுக்கு அமெரிக்க அரசு தருகிற மருத்துவக் காப்பீடுதான் மெடிகேர், அதில் அடுத்த வருஷத்துக்குத் திட்டம் மாற்ற டிசம்பர் 7 கடைசி நாள். அப்பாவும் அம்மாவும் அக்டோபர் முதல் வாரமே கும்பகோணம் போய்விட்டார்கள், பொங்கல் முடிந்துதான் திரும்புவார்கள். அவர்கள் பெயருக்கு வந்த தபாலையெல்லாம் ஒரு கட்டைப்பையில் போட்டு வைத்திருந்தேன், நேற்றுதான் உட்கார்ந்து பிரித்தேன், பிரித்ததிலிருந்து தூக்கம் போச்சு.

முதலில் அப்பா. வயது 73. இங்கே 2006இல் வந்து ஒரு மொத்தக் கடையில் 11 வருஷம் கணக்கு எழுதினார், அதனால் 40 குவார்ட்டர் (வேலை செய்து வரி கட்டிய காலாண்டுகள்) நிறைந்து பார்ட் ஏ (மருத்துவமனைக் காப்பீடு) இலவசம், அம்மாவுக்கும் அவர் கணக்கிலேயே கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு அசல் மெடிகேர் (அரசே நேரடியாக நடத்துவது), கூடவே மெடிகேர் கொடுக்காத மிச்சத்தை ஏற்கிற தனியார் காப்பீடான மெடிகேப்பில் பிளான் ஜி (மாதம் 190 டாலர்), தனியாக ஒரு பார்ட் டி (மருந்துக் காப்பீடு). அந்தப் பார்ட் டி கம்பெனி அனுப்பிய வருடாந்திர மாற்ற அறிவிப்பைப் படித்தால், பிரீமியம் 18 டாலரிலிருந்து 44 ஆகிறது, சர்க்கரை மாத்திரை ஜனூவியா 3ஆம் விலை அடுக்கிலிருந்து இன்னும் செலவு கூடிய 4க்குப் போகிறது, லேன்டஸ் இன்சுலின் அவர்கள் ஏற்கிற மருந்துப் பட்டியலிலேயே இல்லை. இரத்தம் உறையாமலிருக்கப் போடுகிற எலிக்விஸ் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

அடுத்தது அம்மா. வயது 69. 2021இல் 65 ஆனபோது ஜீரோ பிரீமியம் என்று அட்வான்டேஜ் திட்டம் (அசல் மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் கம்பெனி நடத்துவது) ஒன்றில் சேர்த்துவிட்டேன், அப்போது நன்றாகத்தான் இருந்தது. 2023இல் அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், முட்டியும் சரியில்லை. இப்போது அந்தக் கம்பெனி எங்கள் கவுன்ட்டியில் 2026இல் அந்தத் திட்டத்தை நடத்தப்போவதில்லை என்று ஒரே ஒரு கடிதம் அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிவிட்டது.

இதற்கு நடுவில் ஒரு ஏஜென்ட் தினமும் போன் செய்கிறார், என் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. இரண்டு பேரையும் ஒரே அட்வான்டேஜ் திட்டத்துக்கு மாற்றிவிடலாம், பிரீமியமே கிடையாது, பல், கண், காது எல்லாம் உண்டு, மளிகை வாங்க மாதாமாதம் ஒரு கார்டு வேறு உண்டு என்கிறார். அப்பாவுக்கு மாதம் 190ம் மிச்சமாகும். கணக்குப் போட்டால் ஆசையாகத்தான் இருக்கிறது. இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

---

பிளானோ மிளகாய்
நவம்பர் 17, 2025

தங்கச்சி, முதல் வேலையாக அந்த ஏஜென்ட் நம்பரை பிளாக் செய்யுங்கள். நாம் கேட்காமல் போன் போட்டு அட்வான்டேஜ் விற்கக்கூடாது என்பதுதான் சட்டம். கூசாமல் சட்டத்தை மீறுகிற ஆள் மற்றதையெல்லாம் மட்டும் ஒழுங்காகச் சொல்லியிருப்பாரா? மெடிகேர் நம்பரை அவரிடம் சொல்லிவிடவில்லையே?

ஜீரோ பிரீமியம் என்பதில் பார்ட் பி (டாக்டர் செலவுக் காப்பீடு) பிரீமியம் சேராது, அதை நீங்கள் எந்தத் திட்டத்தில் இருந்தாலும் கட்டத்தான் வேண்டும். 2026க்கு மாதம் 202.90 டாலர் என்று போன வாரம்தான் அறிவித்தார்கள், இந்த வருஷம் 185. என் அம்மாவுக்கு சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) மாதம் 720 டாலர் வருகிறது, ஜனவரியில் 2.8 சதவீதம் ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டார், அதாவது 20 டாலர். அதில் 17.90ஐ பார்ட் பி எடுத்துக்கொள்கிறது. மிச்சம் இரண்டு டாலர் சொச்சம், காபி குடிக்கக்கூடக் காணாது.

அப்பாவின் மெடிகேப்பை மட்டும் தொடாதீர்கள். என் மாமனார் 2019இல் உங்கள் ஏஜென்ட் சொன்ன இதே வசனத்தைக் கேட்டுத்தான் மெடிகேப்பை விட்டு அட்வான்டேஜுக்குப் போனார். மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை, ஜிம் உண்டு, கண்ணாடி உண்டு, எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2022இல் புற்றுநோய் என்று தெரிந்தது. நாங்கள் போக நினைத்த மருத்துவமனை, திட்டம் ஒப்பந்தம் போட்டிருக்கிற நெட்வொர்க்கில் இல்லை, இருக்கிற இடத்தில் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கம்பெனியின் முன் அனுமதி, அனுமதி வரும்வரை நாங்கள் போனும் கையுமாக உட்கார்ந்திருப்போம். திரும்ப அசல் மெடிகேருக்கு வரலாம், அதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் மெடிகேப் கம்பெனிகள் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள், மூன்று இடத்தில் விண்ணப்பித்தோம், மூன்றும் நிராகரிப்பு. மெடிகேப் இல்லாத அசல் மெடிகேர் என்றால் டாக்டர் செலவில் 20 சதவீதம் நம் தலையில், அதற்கு உச்சவரம்பே கிடையாது. ஒருமுறை விட்டால் விட்டதுதான், திரும்பக் கிடைக்கவே கிடைக்காது.

---

மாத்திரை டப்பா
நவம்பர் 17, 2025

நான் பார்மசியில் வேலை பார்க்கிறேன், இரவு ஷிப்ட், அதனால் இந்த நேரத்தில் பதில். அப்பாவின் மருந்து விஷயம் மட்டும் சொல்கிறேன்.

இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது உங்கள் திட்டத்தின் பட்டியலில் இருக்கிற இன்சுலினுக்கு மட்டும். லேன்டஸ் பட்டியலை விட்டுப் போனால் அந்த 35ம் கூடவே போகும். ஜனவரியில் கவுன்ட்டருக்கு வந்து என்னிடம் சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கதைதான். பட்டியலில் அதற்குப் பதிலாக வேறு கிளார்ஜின் (லேன்டஸில் இருக்கிற அதே வகை இன்சுலின்) ஏதாவது பெரும்பாலும் இருக்கும், அதற்கு மாறலாமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுப் புதுச் சீட்டு வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் லேன்டஸ் இருக்கிற வேறு திட்டம் பாருங்கள். எதுவுமே செய்யாமல் அதே திட்டத்தில் தொடர்ந்தாலும் வருஷத்தின் முதல் 90 நாளுக்குள் ஒரே ஒரு தடவை, ஒரு மாத அளவு, பழைய மருந்தைக் கொடுப்பார்கள். அது மூச்சு வாங்கிக்கொள்ளத்தான், அதை நம்பி உட்காரக்கூடாது.

நல்ல செய்தியும் இருக்கிறது. அரசாங்கம் பேரம் பேசி விலை குறைத்த முதல் 10 மருந்துகள் ஜனவரி 1 முதல் அமலுக்கு வருகின்றன, எலிக்விஸ், ஜனூவியா இரண்டுமே அதில் உண்டு. 30 நாளுக்கு எலிக்விஸ் 231, ஜனூவியா 113. முன்பு ஒவ்வொன்றுக்கும் கம்பெனி அறிவித்த விலை 500 டாலருக்கு மேல். இந்த 10 மருந்தையும் எந்தத் திட்டமும் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது, ஆனால் எந்த அடுக்கில் வைப்பது என்பது அவர்கள் கையில், உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

தோராயமாக ஒரு கணக்கு: 2026இல் டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்டுகிற தொகை) அதிகபட்சம் 615 வரை வைக்கலாம். அப்பா திட்டத்தில் அது முழுதாக உண்டு, அப்புறம் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், எலிக்விஸ், ஜனூவியா இரண்டும் சேர்த்து ஜனவரியில் 344, பிப்ரவரியில் 290 வாக்கில், அதன் பிறகு மாதம் 86. இன்சுலினுக்கு டிடக்டிபிள் கிடையாது, அது மாதம் 35 தனி. வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து 1,900 பக்கம் வரும். 2026இன் உச்சவரம்பு 2,100, அதைத் தாண்டினால் பட்டியலில் உள்ள மருந்துக்கு மீதி வருஷம் பைசா கிடையாது. ஜனவரி பில்லைப் பார்த்து மிரளுகிறவர்கள் அதை மாதத் தவணையாகக் கட்டவும் வழி இருக்கிறது, வட்டி கிடையாது. ஏற்கெனவே அதில் இருப்பவர்களுக்கு அதே திட்டத்தில் நீடித்தால் தானாகத் தொடரும், திட்டம் மாறினால் புதுக் கம்பெனியிடம் மறுபடி சொல்ல வேண்டும்.

அப்புறம் பிரீமியத்தை மட்டும் பார்த்துத் திட்டம் எடுக்காதீர்கள். மெடிகேர் தளத்தில் அப்பாவின் மருந்து, அளவு, நீங்கள் வாங்குகிற கடை மூன்றையும் போட்டால் வருஷச் செலவு மொத்தமும் காட்டும், அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். கடையையும் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுப் பாருங்கள். ஒரே மருந்து, ஒரே திட்டம், தெருவுக்கு இந்தப் பக்கக் கடையில் ஒரு விலை, அந்தப் பக்கக் கடையில் வேறு விலை வரும், ஏனென்றால் ஒன்று அந்தத் திட்டத்துக்கு வேண்டப்பட்ட கடை.

---

வைகைக்கரை
நவம்பர் 18, 2025

மிச்சிகனிலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு தலைவலிக்குப் பார்ட் டியே வேண்டாம், ஊரிலிருந்து மருந்து வாங்கி வந்துவிடலாம் என்று யாராவது ஒருத்தர் இந்தத் திரியில் சொல்லப்போகிறார், அதற்கு முன்னால் நானே என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன், மதுரைக்குப் போகும்போதெல்லாம் பெட்டியில் பாதி மாத்திரைதான். அப்புறம் இங்கே மட்டுமே கிடைக்கிற ஒரு மருந்து எழுதினார்கள், பார்ட் டியில் சேரப் போனால் 24 மாதத்துக்கு மாதம் ஒரு சதவீதம் வீதம் அபராதம். தேசிய அடிப்படை பிரீமியத்தில் 24 சதவீதம். இந்த வருஷம் மாதம் 8.80, வரும் ஜனவரியிலிருந்து 9.40. சின்னத் தொகைதானே என்பார்கள், ஆனால் இது உயிரோடு இருக்கிற வரை கூடவே வரும், அடிப்படை ஏற ஏற இதுவும் ஏறும். ஊரில் வாங்கிய மருந்து அந்த 2,100 கணக்கிலும் சேராது.

---

ஃப்ரீமான்ட் தாத்தா
நவம்பர் 18, 2025

நான் கலிஃபோர்னியாவில் ஹைகேப் என்கிற மெடிகேர் ஆலோசனை அமைப்பில் தன்னார்வலர், ஒவ்வொரு மாநிலத்திலும் இந்த இலவச ஆலோசனை உண்டு, உங்கள் ஊரில் ஷிப் என்பார்கள். நாங்கள் எதையும் விற்பதில்லை, கமிஷனும் கிடையாது, ஆகவே பொறுமையாகப் பேசுவோம். டிசம்பர் நெருங்க நெருங்க நேரம் கிடைக்காது, இன்றே போன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு உங்கள் அம்மாவுக்கு வந்த கடிதம்தான் கண்ணில் பட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் பிள்ளை, அந்தக் காகிதத்துக்கு இப்போது பெரிய மதிப்பு இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். மெடிகேப்பை எந்தக் கேள்வியும் இல்லாமல் வாங்கக்கூடிய காலம், 65 வயதும் பார்ட் பியும் சேர்ந்து அமைந்த மாதத்திலிருந்து 6 மாதம்தான். உங்கள் அம்மாவுக்கு அது 2021லேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தாயிற்று, சாதாரணமாக இன்றைக்குப் போய் விண்ணப்பித்தால் பிளானோ நண்பரின் மாமனாருக்கு நடந்ததுதான் நடக்கும். ஆனால் நாம் விலகாமல் கம்பெனியே திட்டத்தை மூடினால், சட்டம் அந்தக் கதவை மறுபடி கொஞ்ச நாள் திறந்து வைக்கிறது. ஸ்டென்ட் இருந்தாலும் முட்டி போனாலும் மறுக்கக்கூடாது, உடம்பைக் காரணம் காட்டிக் கூடுதல் பிரீமியம் கேட்கவும் கூடாது, ஏற்கெனவே இருக்கும் நோய் என்று காத்திருக்க வைக்கவும் கூடாது.

அம்மா 2020க்குப் பிறகு தகுதி பெற்றவர், ஆகவே அப்பாவிடம் இருக்கிற அதே பிளான் ஜி அவருக்கும் இந்த உரிமையில் வரும். பிளான் ஜி எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் உள்ளே இருக்கிற பலன் ஒன்றுதான், விலைதான் வேறு, அதனால் நாலைந்து இடத்தில் விசாரியுங்கள், கடந்த சில வருஷங்களில் எவ்வளவு ஏற்றினார்கள் என்றும் கேளுங்கள். பழைய காப்பீடு முடிவதற்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம், முடிந்த பிறகு 63 நாள் வரை அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தை நம்பாமல் ஜனவரி 1இலேயே தொடங்குகிற மாதிரி டிசம்பரிலேயே முடித்துவிடுங்கள். கடிதத்தின் நகலை விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும், அதுதான் ஆதாரம். கூடவே தனியாக ஒரு பார்ட் டி வேண்டும், திட்டம் மூடியதால் அம்மா அதை டிசம்பர் 7 தாண்டியும் எடுக்கலாம், ஆனால் டிசம்பர் 31க்குள் எடுத்தால்தான் ஜனவரி 1இல் தொடங்கும்.

கவனம், இந்த உரிமை அசல் மெடிகேருக்குத் திரும்புகிறவர்களுக்குத்தான். அந்த ஏஜென்ட் பேச்சைக் கேட்டு அம்மாவை இன்னொரு அட்வான்டேஜில் போட்டுவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் ஆபத்துதான், ஜனவரி 1 காலையில் அம்மா அசல் மெடிகேரில் இருப்பார், மெடிகேப் இல்லாமல், மருந்துக் காப்பீடு இல்லாமல். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாவிட்டால் பழைய திட்டம் தானாகத் தொடரும், அம்மாவுக்குத் தொடர எதுவும் இல்லை.

அம்மாவுக்கு மாதம் புதுசாக ஒரு மெடிகேப் செலவு வரும், மறுக்கவில்லை. குடும்பத்துக்குத் தாங்காது என்றால் அட்வான்டேஜ் ஒன்றும் பாவம் இல்லை, என் கிளையன்ட்டுகளில் பல பேர் அதில் திருப்தியாக இருக்கிறார்கள். அப்படிப் போவதானால் அவருடைய இதய டாக்டர், அவர் போகிற மருத்துவமனை இரண்டுக்கும் போன் செய்து, திட்டத்தின் முழுப்பெயரைச் சொல்லி 2026இல் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேளுங்கள். கம்பெனிப் பெயரை மட்டும் சொன்னால் எடுப்போம் என்றுதான் சொல்வார்கள், ஒரே கம்பெனிக்குப் பத்துத் திட்டம் இருக்கும். மோசமான வருஷத்தில் கையிலிருந்து போகக்கூடிய அதிகபட்சத் தொகையையும் பாருங்கள், நெட்வொர்க்குக்குள்ளேயே 2026இல் 9,250 டாலர் வரை வைக்கலாம். பிளான் ஜியில் வருஷத்துக்குப் பார்ட் பி டிடக்டிபிள் 283ஐக் கட்டிவிட்டால், மெடிகேர் ஏற்கிற மருத்துவச் செலவுகளுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பிளானோ நண்பருக்கு ஒரு திருத்தம். திரும்பக் கிடைக்கவே கிடைக்காது என்பது முழுக்கச் சரியில்லை. மெடிகேப்பை விட்டுவிட்டு முதல்முறையாக அட்வான்டேஜுக்குப் போகிறவர்கள் 12 மாதத்துக்குள் திரும்பினால், பழைய கம்பெனி அந்த பாலிசியை இன்னும் விற்றுக்கொண்டிருந்தால் அதையே திரும்ப வாங்கும் உரிமை உண்டு. நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மேய்ன் நான்கிலும் விதி வேறு, அங்கே 65 தாண்டியவர்களுக்குப் பிறகும் மெடிகேப் வாங்க வாய்ப்பு இருக்கிறது. நியூஜெர்ஸி அந்தப் பட்டியலில் இல்லை.

---

பிளானோ மிளகாய்
நவம்பர் 18, 2025

ஐயா சொல்வது சரி, 12 மாதம் என்று எங்களுக்கும் அப்போது ஒருத்தரும் சொல்லவில்லை. ஆனாலும் மாமனாருக்கு வியாதி வந்தது மூன்றாவது வருஷம், தெரிந்திருந்தாலும் உதவியிருக்காது. என் பேச்சு மாறவில்லை, அப்பாவின் ஜியைத் தொடாதீர்கள்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டெக்சஸ், நியூஜெர்ஸி உட்பட ஆறு மாநிலத்தில் ஜனவரியிலிருந்து அசல் மெடிகேரிலும் சில சிகிச்சைக்கு முன் அனுமதி பார்க்கப்போகிறார்கள், முதுகில் போடுகிற ஸ்டீராய்டு ஊசி, தேய்ந்த முட்டிக்குள் துளை போட்டுச் செய்கிற ஆர்த்ரோஸ்கோபி மாதிரி பதினேழு வகை. அம்மாவுக்கு முட்டி என்றதால் சொன்னேன். இதற்காக அட்வான்டேஜுக்குப் போக வேண்டியதில்லை, அங்கே முன் அனுமதி இதைவிட நிறைய.

---

எடிசன் மகள்
நவம்பர் 19, 2025

ஃப்ரீமான்ட் ஐயா, அந்தக் கடிதத்தை மறுசுழற்சிக் கூடையிலிருந்து எடுத்தேன், காபிக் கறையோடு இருக்கிறது, செல்லுமா தெரியவில்லை. நீங்கள் எழுதியிராவிட்டால் திங்கட்கிழமை குப்பை வண்டியில் போயிருக்கும்.

இன்னொரு சிக்கல். இரண்டு பேரும் கும்பகோணத்தில் இருக்கிறார்கள். நான் மெடிகேருக்குப் போன் செய்தால் அப்பாவோடுதான் பேசுவோம் என்கிறார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் வரும், போனில் அமெரிக்க உச்சரிப்பு என்றால் தடுமாறுவார். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். அவர்கள் வெளிநாட்டில் இருக்கும்போது திட்டம் மாற்றவே முடியாதோ?

---

ஃப்ரீமான்ட் தாத்தா
நவம்பர் 19, 2025

கறை இருந்தால் என்ன, எழுத்து தெரிந்தால் போதும். சந்தேகமாக இருந்தால் கம்பெனியிடம் இன்னொரு நகல் கேளுங்கள்.

தற்காலிகமாக ஊருக்குப் போயிருப்பதால் மாற்றும் உரிமை போகாது, வீடு எடிசனில்தானே. அட்வான்டேஜில் இருப்பவர்கள் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் திட்டத்தை விட்டு நீக்கிவிடுவார்கள், உங்கள் அம்மா அவ்வளவு நாள் இருக்கப்போவதில்லை.

---

காவிரிப்பிள்ளை
நவம்பர் 19, 2025

இதை நாங்கள் போன வருஷம் திருச்சியிலிருந்து செய்தோம், அதனால் சொல்கிறேன் அக்கா. 1-800-633-4227 என்கிற மெடிகேர் நம்பர் 24 மணி நேரமும் இயங்குகிறது, பெரிய விடுமுறை நாட்கள் தவிர. இப்போது நமக்கும் ஊருக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், அங்கே மாலை 7 மணி என்றால் உங்களுக்குக் காலை எட்டரை. முதலில் நீங்கள் வாட்ஸப்பில் அவர்களைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு போனில் மெடிகேரைக் கூப்பிடுங்கள். எடுத்ததும் தமிழ் என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இலவசமாகச் சேர்ப்பார்கள், ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டியிருக்கும். பெயர், பிறந்த தேதி, கார்டு நம்பர் எல்லாம் அப்பா வாயால் சொல்லிவிட்டு, என் மகள் என் சார்பாகப் பேசலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த அழைப்பில் உங்களோடு பேசுவார்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, அப்பா கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

ஆனால் சேர்கிறேன் என்கிற சம்மதத்தை அவர்களேதான் சொல்ல வேண்டும், சட்டப்படி பவர் ஆஃப் அட்டர்னி இருந்தால் தவிர நாம் சொல்ல முடியாது. எங்கள் அம்மா சம்மதமா என்று கேட்டதற்கு எங்க பொண்ணு சொன்னா சரிதான் என்றார், மொழிபெயர்ப்பாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது, மறுபடி கேட்டு ஆமாம் என்று வாங்கினார்கள்.

ஒத்திகை பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். கார்டு கும்பகோணத்தில் இருக்கிறதா உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்களுடையது இங்கே அலமாரியில் இருந்தது, நம்பரைத் தேடவே ஒரு நாள் போச்சு.

இன்னொன்று, ஊரில் உடம்புக்கு முடியாமல் போனால் மெடிகேர் ஒன்றும் கொடுக்காது. பிளான் ஜியில் மட்டும் கொஞ்சம் உண்டு, பயணத்தின் முதல் 60 நாளில் வருகிற அவசரத்துக்கு, 250 டாலர் நாம் போட்ட பிறகு 80 சதவீதம், வாழ்நாளுக்கு மொத்தம் 50,000 வரை. அப்பா அக்டோபரில் போனவர் என்றால் டிசம்பரில் அதுவும் முடிந்துவிடும், தனியாகப் பயணக் காப்பீடு இருக்கிறதா பாருங்கள்.

---

மாத்திரை டப்பா
நவம்பர் 20, 2025

நியூஜெர்ஸி என்று இப்போதுதான் கவனித்தேன். அங்கே முதியோருக்கு மாநில அரசின் பாட் மருந்து உதவித் திட்டம் இருக்கிறது, ஜெனரிக் என்றால் 5 டாலர், பிராண்ட் என்றால் 7 டாலர்தான் கட்டுவார்கள். வருமான வரம்பு உண்டு, ஆனால் வீடு, வங்கிச் சேமிப்பு எவ்வளவு என்று பார்ப்பதில்லை. அப்பாவின் வருமானம் சோஷியல் செக்யூரிட்டி மட்டும் என்றால் மேலே நான் போட்ட 1,900 கணக்கே தேவையில்லாமல் போகலாம். ஷிப்பில் பேசும்போது இதை மறக்காமல் கேளுங்கள். எங்கள் கடைக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் பல பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, இது ஏதோ பிச்சை மாதிரி என்று நினைத்துக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு.

---

எடிசன் மகள்
டிசம்பர் 4, 2025

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

ஷிப்பில் ஒரு அம்மையார் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். அப்பாவின் மெடிகேப் அப்படியே இருக்கிறது. பார்ட் டி மட்டும் மாற்றினோம், புதுத் திட்டத்தில் லேன்டஸ் உண்டு, பிரீமியம் பழையதைவிடக் கொஞ்சம் கூட, ஆனால் வருஷச் செலவு மொத்தம் பார்த்தால் பழையதில் நீடிப்பதைவிடக் கிட்டத்தட்ட 500 டாலர் குறைவு. கடையையும் மாற்ற வேண்டியதாயிற்று. பாட் விண்ணப்பம் போட்டிருக்கிறோம், அப்பா முதலில் நான் என்ன இல்லாதவனா என்று கோபித்துக்கொண்டார், இது நீங்கள் 11 வருஷம் வரி கட்டிய மாநிலம்தானே அப்பா என்றதும் அமைதியாகிவிட்டார்.

அம்மாவுக்கு பிளான் ஜி விண்ணப்பம் போய்விட்டது. முதல் கம்பெனியில் பேசியவர் உடல்நலக் கேள்விகளைப் படிக்க ஆரம்பித்தார், திட்டம் மூடிய கடிதம் இருக்கிறது, இது அந்த உரிமையில் போடுகிற விண்ணப்பம் என்று சொன்னதும் நிறுத்திவிட்டு வேறு படிவத்துக்குப் போனார். நானாக அதைச் சொல்லியிராவிட்டால் ஸ்டென்ட் கதையைச் சொல்லி நிராகரிப்பு வாங்கியிருப்போம், இதைப் படிக்கிறவர்கள் முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். அம்மாவின் பார்ட் டிக்கு நேற்றுக் காலை காவிரிப்பிள்ளை சொன்னபடியே கும்பகோணத்தோடு கூப்பிட்டோம், கார்டு அம்மாவின் கைப்பையிலேயே இருந்தது. மொழிபெயர்ப்பாளர் இலங்கைத் தமிழ் பேசினார், அம்மாவுக்குக் கேட்கக் கேட்க ஆசை, வேலை முடிந்த பிறகும் அவரிடம் ஊர் எது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மெடிகேப்காரர்களிடமிருந்து ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை. அது வரும்வரை அந்தக் காபிக் கறைக் காகிதம் பூஜை அலமாரியில் இருக்கிறது.